தூங்கியவரும் விழித்தவரும்: இரண்டு குழுச் சராசரிகளை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி பிறந்தால் ஈரோட்டில் என் வீட்டுத் திண்ணைக்கு லேப்டாப்போடு மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பெருந்துறை, திருச்செங்கோடு, கோயம்புத்தூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். உளவியல், நர்சிங், பிசியோதெரபி என்று படிப்பு வேறுபடும், தலைப்பு மட்டும் அடிக்கடி ஒன்றாகவே இருக்கும்: தூக்கம் கெட்டால் கவனம் குறைகிறதா?

வந்ததும் கேட்பது, "அண்ணா, டேட்டா எடுத்துப்போட்டோமுங்க. எந்த டெஸ்ட் போடறதுங்க?" அந்தக் கேள்வி டேட்டா எடுக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். டெஸ்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, சோதனையை நடத்திய விதமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால் கீழே உள்ள பத்துப் படிகளில் முதல் நான்கும் கணக்குப் போடுவதற்கு முந்தைய வேலைகள். அவற்றைத் தாண்டிக் குதித்தால் அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"தூக்கமின்மையின் விளைவுகள்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: ஓர் இரவு முழுக்க விழித்த மாணவர்களின் எதிர்வினை நேரச் சராசரி, வழக்கம்போலத் தூங்கியவர்களின் சராசரியிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் வேறுபடுகிறது?

இதில் யார், என்ன செய்தார்கள், எதை அளந்தோம், எந்த அலகில் என்ற நான்கும் இருக்கின்றன. "எத்தனை" என்ற சொல் முக்கியம். "வேறுபடுகிறதா" என்று மட்டும் கேட்டால் பதில் ஆம், இல்லை என்பதோடு நின்றுவிடும்.

அளவையும் இப்போதே ஒன்றாகக் குறுக்குங்கள். எதிர்வினை நேரம், ஞாபகம், மனநிலை, கூட்டல் கணக்கு என்று ஐந்தை அளந்துவிட்டு, வித்தியாசம் வந்த ஒன்றை மட்டும் எழுதுவது பெரிய ஏமாற்று. தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுதான்.

2. குழு பிரிப்பதைச் சீட்டிடம் விடுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒரு மாணவி பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் நைட் ஷிஃப்ட் தொழிலாளிகள் முப்பது பேர், பகல் ஷிஃப்ட் தொழிலாளிகள் முப்பது பேர் என்று அளந்து வந்து, "தூக்கமின்மைச் சோதனை" என்று தலைப்புப் போட்டிருந்தார். உழைப்பு பெரியது. ஆனால் அது சோதனை இல்லை.

நைட் ஷிஃப்டுக்குப் போகிறவர் யார்? ஹாஸ்டலில் தங்கிய வெளியூர்க்காரராக இருக்கலாம், வயதில் இளையவராக இருக்கலாம், கூடுதல் சம்பளம் தேவைப்பட்டவராக இருக்கலாம். இரண்டு குழுவும் தூக்கத்தில் மட்டுமா வேறுபடுகின்றன? சராசரிகளை ஒப்பிடலாம், ஆனால் வித்தியாசத்துக்குக் காரணம் தூக்கம்தான் என்று சொல்ல முடியாது. அந்த மாணவி தலைப்பை மாற்றினார், ஆய்வு தப்பியது.

சோதனை என்றால் குழுவை நாம் பிரிக்க வேண்டும், அதுவும் குலுக்கிப் பிரிக்க வேண்டும். இருபது பேர் என்றால் இருபது சீட்டு. பத்தில் "விழிப்பு", பத்தில் "தூக்கம்". டப்பாவில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள். "விருப்பப்பட்டவங்களை முழிக்க வெச்சோமுங்க" என்றால் கதை முடிந்தது. ராத்திரி விழிக்க ஆசைப்படுகிறவன் ஏற்கெனவே ஆந்தை மாதிரி ஆள்.

சீட்டு எடுத்த பட்டியலைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். ஏழாம் படியில் இந்தச் சீட்டு திரும்ப வரும்.

3. எத்தனை பேர் வேண்டும், அந்த இரவுக்கு என்ன வேண்டும்

ஆள் கணக்கை முன்னாலேயே போடுங்கள். எதிர்பார்க்கும் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தின் அளவில் சொல்வது வழக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவே திட்டவிலக்கம்). வித்தியாசம் 0.8 திட்டவிலக்கம் என்றால், அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 26 பேர் வேண்டும் (இருபக்கச் சோதனை, அதாவது எந்தத் திசை வித்தியாசமும் எண்ணப்படும்; 5 சதவீத வரம்பு, அதாவது விளைவே இல்லாதபோது தவறாக "உண்டு" என்று சொல்லும் வாய்ப்பு). 0.5 திட்டவிலக்கம் என்றால் குழுவுக்கு 64 பேர். வித்தியாசம் சிறிதாகச் சிறிதாக ஆள் தேவை மளமளவென்று ஏறும்.

அடுத்தது ஒப்புதல். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் யாரையும் விழிக்க வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளை அந்தக் குழு கேட்கும். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விழித்தவரைக் காலையில் பைக் எடுக்க விடக் கூடாது. அவிநாசி ரோட்டு நெரிசலில் அந்த ஆளை அனுப்புவது சோதனை ஆகாது, குற்றம். சாவியை முந்தைய மாலையே வாங்கி வைத்து, ஹாஸ்டலிலேயே படுக்கச் சொல்லுங்கள்.

பிறகு டீ. நம் ஊர்ப் பக்கம் பேக்கரி இல்லாத தெரு இல்லை, விழிக்கச் சொன்னால் முதல் வேலையாகப் பயல்கள் அங்கேதான் போவார்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியக்காலை மூன்று மணிக்குக் குடித்த டீயில் பாதி, காலை எட்டு மணிக்கு அளக்கும்போதும் உட்கார்ந்திருக்கும். முந்தைய மதியத்திலிருந்து இரண்டு குழுவுக்கும் டீ, காபி கிடையாது என்று சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் சொன்னால், நீங்கள் அளப்பது தூக்கத்தோடு டீயையும் சேர்த்துத்தான்.

அளக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். உடம்பின் கடிகாரத்தில் விழிப்பு ஏறி இறங்கும்; தூங்கியவரை மதியம் மூன்று மணிக்கும் விழித்தவரைக் காலை எட்டு மணிக்கும் அளந்தால் ஒப்பீடு கெட்டது.

இன்னொன்று. விடியக்காலை நாலு மணிக்கு விழிப்புக் குழுவில் ஒருவன் கண்ணயர்ந்தால்? அடிக்கடி கேட்பது, "தூங்கிப்போட்டானுங்க, தூக்கக் குழுவுக்கு மாத்திரட்டுங்களா?" மாற்றக் கூடாது. சீட்டு எந்தக் குழு சொன்னதோ அந்தக் குழுவிலேயே எண்ண வேண்டும். மாற்றினால் சட்டென்று தூங்குகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து, குலுக்கல் வீணாகும். அயர்ந்த நேரத்தை நோட்டில் குறித்து, அறிக்கையில் சொல்லுங்கள்.

4. ஓர் ஆளுக்கு ஓர் எண்

விழிப்புக் கவனத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது பத்து நிமிடச் சோதனை. திரையில் 2 முதல் 10 செகண்ட் இடைவெளியில் ஒரு குறி தோன்றும், தோன்றியதும் பட்டனைத் தட்ட வேண்டும். 500 மில்லிசெகண்டும் அதற்கு மேலும் ஆனால் "தவறல்" என்று எண்ணுவார்கள். ஓர் ஆள் முடிக்கும்போது எண்பது, தொண்ணூறு எதிர்வினைகள் சேர்ந்துவிடும்.

ஆபத்து இங்கே. இருபது பேருடைய எல்லா வரிகளையும் அப்படியே எக்செலில் ஒட்டி, "ஆயிரத்து எழுநூறு டேட்டா இருக்குதுங்க" என்று சந்தோஷப்படுவார்கள். இல்லை, உங்களிடம் இருப்பது இருபதுதான். ஒரே ஆள் தட்டிய எண்பது தட்டலும் ஒன்றையொன்று சார்ந்தவை. மந்தமான ஆளின் எல்லாத் தட்டலும் மந்தமாகவே இருக்கும். ஒரே வாழைத்தாரிலிருந்து எண்பது பழம் தின்று பார்த்துவிட்டு எண்பது தோட்டம் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அப்படிப் போட்டால் பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) பொய்யாகச் சுருங்கும்.

எனவே ஓர் ஆளுக்கு ஒரு சுருக்க எண் எடுங்கள். எதிர்வினை நேரம் வலப்பக்கம் வால் நீண்ட அளவு. நாலைந்து தூங்கி விழுந்த தட்டல்கள் சராசரியை இழுத்துவிடும். ஆளுக்குள் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுக்கலாம், அல்லது ஒவ்வொரு நேரத்தையும் தலைகீழாக்கி (1-ஐ அதனால் வகுத்து) வேகமாக மாற்றிச் சராசரி எடுக்கலாம். எதுவானாலும் டேட்டாவைப் பார்க்கும் முன் முடிவு செய்து எழுதி வையுங்கள்.

5. ஜோடியா, தனித்தனியா?

இரண்டு குழுவிலும் வேறு வேறு ஆட்கள் என்றால் தனித்த குழுக்களுக்கான டி சோதனை (சராசரிகளின் வித்தியாசம் தற்செயலான ஆட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்கும் கணக்கு). அதே ஆட்களை ஒரு வாரத்தில் ஓர் இரவு தூங்கவிட்டும் இன்னொரு வாரத்தில் ஓர் இரவு விழிக்க வைத்தும் அளந்திருந்தால் ஜோடி டி சோதனை. தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கேள்வி போதும்: முதல் நெடுவரிசையின் மூன்றாம் எண்ணும் இரண்டாம் நெடுவரிசையின் மூன்றாம் எண்ணும் ஒரே ஆளுடையதா?

மாற்றிப் போட்டால் எவ்வளவு கெடும் என்பதற்குத் தூக்கத்தைப் பற்றிய டேட்டாவே சாட்சி. "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் புள்ளியியலாளர் கோசெட் 1908-இல் எழுதிய கட்டுரையில் இருப்பது, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலும் உள்ளேயே கிடைக்கும். பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற அளவு. சராசரிகள் 0.75, 2.33. தனித்த குழுக்களாகப் போட்டால் பி மதிப்பு 0.079, "வித்தியாசம் நிரூபணமாகவில்லை" என்று எழுதிவிடுவோம். ஜோடியாகப் போட்டால் 0.0028. எண்கள் அவையேதான். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தில் கூடுதல் தூக்கம், ஒருவருக்கு மட்டும் இரண்டிலும் சமம். ஆளுக்கு ஆள் உள்ள பெரிய வேறுபாட்டைக் கழித்த பிறகுதான் இது தெரிகிறது.

ஜோடி முறையில் ஆள் குறைவாகப் போதும், ஆனால் வரிசை தொல்லை தரும். பாதிப் பேர் முதலில் விழிக்கட்டும், மீதிப் பேர் முதலில் தூங்கட்டும். இடையில் ஒரு வாரமாவது விடுங்கள்.

6. எண்களைப் படமாகப் பாருங்கள்

இனி வருவது தனித்த குழு முறை. பழகுவதற்காக நானே போட்ட எண்கள் இவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. எல்லாம் மில்லிசெகண்டில்.

தூங்கியவர்: 262, 275, 248, 291, 270, 258, 284, 266, 279, 267
விழித்தவர்: 310, 287, 352, 298, 331, 276, 405, 318, 292, 341

ஒரு கோடு வரைந்து இருபதையும் புள்ளிகளாக வையுங்கள். கம்பத்துப் படம் (பார் சார்ட்) வேண்டாம், அது சராசரியைக் காட்டி ஆட்களை மறைத்துவிடும். புள்ளிகளில் இரண்டு விஷயம் உடனே தெரிகிறது. விழித்தவர்கள் தாமதமாக மட்டுமில்லை, சிதறியும் கிடக்கிறார்கள். 405 தனியாக ஒதுங்கி நிற்கிறது.

சிதறல் கூடுவது தூக்கமின்மையில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒருவன் தாங்குவான், ஒருவன் சரிந்துவிடுவான். அடுத்த படியில் எந்தக் கணக்கு என்பதை இதுவே சொல்கிறது.

7. கணக்கு

ஒருமுறையாவது கையால் போடுங்கள், காகிதத்தில் பத்து நிமிடம்தான்.

தூங்கியவர் சராசரி 270, திட்டவிலக்கம் 12.7. விழித்தவர் சராசரி 321, திட்டவிலக்கம் 38.3. வித்தியாசம் 51.

திட்டவிலக்கத்தின் வர்க்கம் பரவற்படி (சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணின் விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 9-ஆல் வகுத்தது). தூங்கியவருக்கு 162.2, விழித்தவருக்கு 1466.4. ஒவ்வொன்றையும் அந்தந்தக் குழுவின் ஆள் எண்ணிக்கையால், அதாவது 10-ஆல் வகுத்துக் கூட்டினால் 162.9. அதன் வர்க்கமூலம் 12.76, இதுதான் வித்தியாசத்தின் திட்டப்பிழை. குலுக்கல் வேறு மாதிரி விழுந்திருந்தால் வித்தியாசம் எவ்வளவு ஆடியிருக்கும் என்பதன் அளவு அது. 51-ஐ 12.76-ஆல் வகுத்தால் டி = 4.00.

இப்போது டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்), டி அட்டவணையில் எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும் எண். பழைய முறை இரண்டு குழுவின் பரவலும் சமம் என்று வைத்துக்கொண்டு 18 என்று சொல்லும். வெல்ச் முறை பரவல் சமமில்லை என்பதைக் கணக்கில் எடுத்து 10.97 என்று சொல்லும். குழுக்கள் சம அளவில் இருப்பதால் டி இரண்டிலும் ஒன்றே; மாறுவது டிஎஃப் மட்டும். வெல்ச் முறையில் பி மதிப்பு சுமார் 0.002.

என் யோசனை, எப்போதும் வெல்ச். முதலில் பரவல் சமமா என்று ஒரு டெஸ்ட், பிறகு அதன் பதிலைப் பார்த்து இன்னொரு டெஸ்ட் என்று இரண்டு கட்டமாகப் போகச் சில வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். சிறு குழுக்களில் முதல் டெஸ்டுக்கே கண் சரியாகத் தெரியாது. பரவல் சமமாகவே இருந்தாலும் வெல்ச் முறையில் இழப்பது சொற்பம்.

ஆரில் டி சோதனை போட்டால் வெல்ச் தானாக வரும். எஸ்பிஎஸ்எஸ்-இல் இரண்டு வரி வரும், கீழ் வரியைப் படியுங்கள். ஜமோவியில் வெல்ச் என்ற கட்டத்தை நீங்களே டிக் செய்ய வேண்டும். எக்செலின் டி டெஸ்ட் ஃபார்முலா கடைசியில் ஓர் எண் கேட்கும்: 1 என்றால் ஜோடி, 2 என்றால் பரவல் சமம், 3 என்றால் சமமில்லை. பார்க்காமல் 2 போடுகிறவர்களே அதிகம்.

டி அட்டவணையில் நம்பிக்கை வரவில்லையா? இரண்டாம் படியின் டப்பாவை எடுங்கள். விழிப்புக்கு எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 405 தட்டியவர் எந்தச் சீட்டு எடுத்திருந்தாலும் 405-தான் தட்டியிருப்பார். இருபது எண்ணையும் பத்துப் பத்தாகப் பிரிக்க 184756 வழிகள் உண்டு. அவற்றில் எத்தனை வழிகளில் 51-ம் அதற்கு மேலும் வித்தியாசம், எந்தத் திசையிலாவது, வரும்? உட்கார்ந்து எண்ணினேன்: 24. அதாவது சுமார் பத்தாயிரத்தில் ஒன்று.

வெல்ச் தந்த 0.002-உம் இதுவும் ஒரே எண் அல்ல. கேட்கும் கேள்வி கொஞ்சம் வேறு. சீட்டு முறை "விளைவே இல்லை, சிதறலும் அதே" என்று வைத்து எண்ணுகிறது. வெல்ச் சராசரி மட்டும் சமம் என்று வைக்கிறது. ஆனால் பி மதிப்பு என்றால் என்ன என்று புரிய இதைவிட நேர்வழி எனக்குத் தெரியாது. குலுக்காமல் பிரித்த குழுவுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

8. பி மதிப்போடு நிறுத்தாதீர்கள்

"பி வேல்யூ வந்துருச்சுங்க, எழுதிரட்டுங்களா?" என்று எழுந்துவிடுவார்கள். உட்காருங்கள். கேள்வி "எத்தனை மில்லிசெகண்ட்" என்பது, 0.002 அதற்குப் பதில் இல்லை.

டிஎஃப் 10.97-க்கு அட்டவணை எண் 2.20. அதைத் திட்டப்பிழை 12.76-ஆல் பெருக்கினால் 28.1. 51-இலிருந்து அதைக் கழித்தும் கூட்டியும் எழுதினால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி: 22.9 முதல் 79.1 வரை. தாமதம் உண்டு, ஆனால் அது 23-ஆகவும் இருக்கலாம் 79-ஆகவும் இருக்கலாம் என்கிறது டேட்டா. பத்துப் பத்து ஆட்களை வைத்து இதற்கு மேல் கூர்மையாகச் சொல்ல முடியாது.

பொதுத் திட்டவிலக்கம் (இரண்டு பரவற்படிகளின் சராசரிக்கு வர்க்கமூலம்) 28.5, அதனால் 51-ஐ வகுத்தால் விளைவின் அளவு 1.79. இது படிப்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. நான் இன்னொன்றும் எழுதச் சொல்வேன். தூங்கியவர் ஒருவரையும் விழித்தவர் ஒருவரையும் ஜோடி சேர்த்தால் மொத்தம் 100 ஜோடி. அதில் 96-இல் விழித்தவரே தாமதம். இதை ஹாஸ்டல் வார்டனுக்குச் சொன்னாலும் புரியும்.

9. ஒதுங்கி நிற்கும் எண்

அந்த 405. தூக்கிவிடலாமா? அவர் மெஷினைத் தவறாகப் பிடித்தார், பாதியில் போன் வந்தது என்று நோட்டில் காரணம் இருந்தால் நீக்கலாம், காரணத்தை எழுத வேண்டும். வெறும் பெரிய எண் என்பது காரணம் இல்லை. விழித்தவர் சிலர் அப்படித்தான் சரிவார்கள், நீங்கள் தேடி வந்ததே அதைத்தான்.

நீக்கிப் பார்த்தால் வேடிக்கை நடக்கிறது. வித்தியாசம் 51-இலிருந்து 41.7-ஆகக் குறைகிறது. டி மட்டும் 4.00-இலிருந்து 4.38-ஆக ஏறுகிறது! சிதறல் குறைந்ததால் திட்டப்பிழை அதைவிட வேகமாகச் சுருங்கிவிட்டது. டி ஏறியதைப் பார்த்து நீக்கும் ஆசை வரும். இரண்டு கணக்கையும் எழுதுங்கள், முழு டேட்டாவின் கணக்கு முதலில் இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. முன்பும் பின்பும் அளந்தவர்கள், "விழிப்புக் குழுவில் மாற்றம் நிரூபணம், தூக்கக் குழுவில் இல்லை, ஆகவே குழுக்கள் வேறு" என்று எழுதுவார்கள். அது ஒப்பீடே இல்லை. ஒவ்வோர் ஆளுக்கும் பின்பு கழித்தல் முன்பு என்று ஓர் எண் எடுத்து, அந்த எண்களின் சராசரிகளை மேலே சொன்னபடி ஒப்பிடுங்கள்.

10. எழுதும் முறை

முடிவை இப்படி எழுதலாம்: "ஓர் இரவு விழித்த மாணவர்களின் எதிர்வினை (சராசரி 321, திட்டவிலக்கம் 38.3, 10 பேர்), தூங்கியவர்களைவிட (270, 12.7, 10 பேர்) 51 மில்லிசெகண்ட் தாமதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 22.9 முதல் 79.1, வெல்ச் டி 4.00, டிஎஃப் 10.97, பி 0.002."

சாஃப்ட்வேர் 0.000 என்று காட்டினால் அப்படியே எழுதாதீர்கள், "0.001-க்கும் குறைவு" என்று எழுதுங்கள். பி மதிப்பு 0.05-ஐத் தாண்டினால் "வித்தியாசம் இல்லை" என்றும் எழுதக் கூடாது. நம்பிக்கை இடைவெளியைக் காட்டுங்கள். அதில் பெரிய வித்தியாசமும் அடங்கியிருந்தால், ஆள் போதவில்லை என்றுதான் பொருள்.

எல்லையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஓர் இரவு, ஹாஸ்டல் மாணவர்கள், காலை நேரம், ஓர் அளவு. இதை மாதக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் விசைத்தறித் தொழிலாளிக்கு நீட்ட வேண்டாம். கற்றல் என்றும் சொல்ல வேண்டாம். இரவுத் தூக்கம் கற்றதை நிலைக்கச் செய்கிறதா என்று பார்க்க 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், விழித்தவர்களை அடுத்த இரண்டு இரவும் தாராளமாகத் தூங்கவிட்டு அதற்குப் பிறகே சோதித்தார்கள். மறுநாள் காலையே சோதித்திருந்தால் மறதி எது, அசதி எது என்று பிரித்திருக்க முடியாது.

பின்னிணைப்பில் இருபது எண்ணையும் வையுங்கள், அதன் அடுத்த பக்கத்தில் சீட்டெடுத்த பட்டியலின் படத்தை. "குழு எப்படிப் பிரிச்சீங்க?" என்று வைவாவில் யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.